உப்சாலாவின் தாள்களும் களுவாஞ்சிகுடியின் பூஞ்சணமும்

மதிப்புக்குரிய ஐயா,

செடிகளுக்கு இருசொற் பெயர் முறையைத் தந்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை உயர்தர உயிரியல் வகுப்பில் வாசித்தோம். பிள்ளைகள் இரண்டு விஷயம் கேட்டார்கள். இந்தப் பக்கமே வராத ஒருவர் இலங்கைச் செடிகளுக்கு எப்படிப் பெயர் வைத்தார்? அவர் காலத்துச் செடிகள் இன்றைக்கும் தாளில் இருக்க, நாங்கள் கார்த்திகையில் அழுத்தி வைத்தவை தை பிறக்கும் முன்பே கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது ஏன்? பழைய பேப்பருக்குள் வைத்து, மேலே புத்தகங்களை அடுக்கி, பிறகு செலோடேப்பால் ஒட்டினோம். செய்முறையை விரிவாக எழுதினால் பெரிய உதவி.

உயிரியல் ஆசிரியை,
களுவாஞ்சிகுடி

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதல் கேள்விக்கு விடை பவுல் ஹெர்மன் என்ற வைத்தியர். 1670களில் ஒல்லாந்தக் கம்பனிக்காக இலங்கையில் வேலை செய்தவர். ஓய்ந்த நேரத்தில் செடிகளைப் பறித்து, உலர்த்தி, கட்டிய புத்தகங்களில் ஒட்டி, இங்குள்ளவர்கள் அவற்றை அழைத்த பெயர்களையும் எழுதி வைத்தார். பிறகு லைடன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். 1695இல் அவர் இறந்ததும் அந்தப் புத்தகங்கள் கைமாறிப் போயின. 1740களில் அவை கோப்பன்ஹேகனில் குந்தர் என்ற மருந்தாளரிடம் இருந்தன. உள்ளே இருப்பது என்னென்ன செடி என்று கேட்டு அவர் சுவீடனின் உப்சாலாவில் இருந்த லின்னேயஸுக்கு அனுப்பினார். யாருடைய சேகரிப்பு என்பதை லின்னேயஸ் கண்டுகொண்டு, செடிகளுக்கு இலக்கமிட்டு, 1747இல் 'ஃப்ளோரா சைலானிக்கா' என்ற நூலை வெளியிட்டார். 1753இல் இருசொற் பெயர்களை முறையாகத் தந்த நூலிலும் அந்த இலக்கங்களைச் சுட்டினார். நம் கொடிவேலி 'பிளம்பாகோ சைலானிக்கா' ஆனது அந்த நூலில்தான். ஹெர்மனின் புத்தகங்கள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்தச் சேகரிப்பில் பெரிய குறை ஒன்று உண்டு. எந்த இடத்தில், எந்தத் திகதியில் பறித்தது என்ற விவரம் பெரும்பாலும் இல்லை. செடி இலங்கையுடையது என்பதோடு சரி. காட்டுச் செடியா, தோட்டத்தில் வளர்த்ததா என்பதைக்கூடப் பல தாள்களில் அறிய வழியில்லை. லின்னேயஸின் சொந்தத் தாள்களிலும் இதே குறை நிறைய. அவர் செய்த முன்னேற்றம் வேறு: புத்தகமாகக் கட்டாமல், ஒரு தாளுக்கு ஒரு செடி என்று தனித்தனியாக ஒட்டி அலுமாரியில் அடுக்கினார். கட்டிய புத்தகத்தில் ஒரு செடியை இடம் மாற்ற முடியாது. தனித்தாளாக இருந்தால் புதிதாக ஒன்று வந்ததும் அதன் இனத்துக்குப் பக்கத்தில் செருகலாம், இரண்டை அருகருகே வைத்து ஒப்பிடலாம். வகைப்பாட்டு வேலை முழுக்க இந்த ஒப்பீடுதான். ஆகவே அந்த அலுமாரியை நான் அவருடைய நூல்களுக்குச் சமமாக மதிக்கிறேன்.

உப்சாலா 1477இல் தொடங்கிய பல்கலைக்கழகம். அங்கே தாவரத் தோட்டம் வந்தது 1655இல், ஓலோஃப் ருட்பெக் என்ற பேராசிரியரின் காலத்தில். 1702இல் நகரம் எரிந்தபோது, அவர் பெரிய தாவர நூலுக்காகச் செதுக்கி வைத்திருந்த மர அச்சுகளில் பெரும்பகுதி சாம்பலானது. தோட்டமும் கவனிப்பாரற்றுப் போனது. 1741இல் மருத்துவப் பேராசிரியரான லின்னேயஸ் தோட்டத்தைத் திருத்தி எடுத்தார், மாணவர்களை நகரைச் சுற்றிக் கூட்டிப்போய்ச் செடிகளை நேரில் காட்டினார். ஆனால் அவருடைய தாள்கள் குடும்பச் சொத்தாகவே இருந்தன. 1784இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் விலைக்கு வாங்க, எல்லாம் லண்டனுக்குக் கப்பலேறின. லின்னேயஸின் மாணவர் துன்பர்க் 1777இல் இலங்கைக்கும் வந்து செடி சேகரித்தவர். பின்னாளில் உப்சாலாவில் பேராசிரியராகித் தம் சேகரிப்பைப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக்கொடுத்தார். அது இன்றும் உப்சாலாவில் இருக்கிறது. நீங்கள் சேர்ப்பதையும் முதல் நாளிலிருந்தே பாடசாலைப் பொருட்பதிவேட்டில் இலக்கமிட்டு ஏற்றுங்கள். ஆசிரியர் இடமாற்றலாகிப் போனாலும் தாள் போகக்கூடாது.

இனி உங்கள் பூஞ்சணம். பாரம் போதாமல் கெடவில்லை. ஈரம் வெளியேற வழியில்லாமல் கெட்டது. பறித்த இலையின் கலங்கள் உடனே சாவதில்லை. மெதுவாக உலரும்போது நொதியங்கள் வேலை செய்து இலையைக் கறுக்க வைக்கும், இரண்டு மூன்று நாளில் பூஞ்சணமும் இறங்கிவிடும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பேப்பரை மாற்றினாலே போதும். மாரியில் சூடு கொடுத்தாக வேண்டும்.

45க்கு 30 சென்ரிமீற்றர் அளவில் மரச்சட்டத் தட்டு இரண்டு, இறுக்கிக் கட்ட இரண்டு பட்டி. உள்ளே செடி வைத்த செய்தித்தாள், அதன் மேல் நெளிமட்டை, மறுபடி செய்தித்தாள் என்று மாறி மாறி அடுக்குங்கள். பழைய பெட்டிகளை வெட்டினால் நெளிமட்டை கிடைக்கும். அதன் குழாய்கள் குறுகிய பக்கத்துக்கு இணையாக ஓட வேண்டும். இந்தக் கட்டை நீளப் பக்கம் கீழே வரும்படி ஒரு பலகைப் பெட்டியின் வாயில் நிறுத்தி, அடியில் 60 வோட்ஸ் பழைய இழைக் குமிழ் இரண்டைப் பொருத்தினால், சூடான காற்று மட்டைக் குழாய்கள் வழியே மேலேறி ஈரத்தைக் கொண்டுபோகும். எல்.ஈ.டி. குமிழ் போதிய சூடு தராது. பெட்டியின் கீழ்ப்பக்கம் காற்று நுழையத் துளை வேண்டும். குமிழுக்கும் பேப்பருக்கும் குறைந்தது 30 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள்; ஆள் இல்லாத நேரம் எரிய விடவேண்டாம். 40 முதல் 50 பாகை செல்சியஸ் போதும், 60ஐத் தாண்டினால் இலை பொடியும். முதல் நான்கு நாளும் தினம் பேப்பரை மாற்றி, பட்டியை மறுபடி இறுக்குங்கள். இலையைக் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியக்கூடாது, காம்பு வளையாமல் ஒடிய வேண்டும். அப்போதுதான் உலர்ந்தது என்று கணக்கு.

கடற்கரைச் செடிக்குத் தனிக் கவனம் தேவை. அடம்பன் கொடியிலும் கண்டல் இலையிலும் படிந்திருக்கும் உப்பு, காய்ந்த பிறகும் காற்றின் ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் அலசி ஒற்றிவிட்டு அழுத்துங்கள். உமரி மாதிரிச் சதைப்பற்றுள்ளவற்றைக் கொதிநீரில் சில விநாடி முக்கி எடுத்தால் கலங்கள் செத்து விரைவில் உலரும். இல்லாவிட்டால் அழுத்திய கட்டுக்குள்ளேயே உயிரோடு இருந்து அழுகும். தில்லையைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அழுத்தும்போது ஓர் இலையாவது அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி வையுங்கள். நரம்பும் மயிரும் அங்கேதான் தெளிவாகத் தெரியும். பூவோ காயோ இல்லாத கிளை பெயர் அறிய அனேகமாக உதவாது.

ஒட்டுவதற்கு ஏ3 அளவில் தடித்த, அமிலமற்ற தாள் நல்லது. செலோடேப் சில வருடங்களில் மஞ்சளாகிக் கழன்றுவிடும், அதன் பசை மட்டும் தாளில் ஊறி நிற்கும். தடித்த காம்பை வெள்ளை நூலால் தைத்து, மெல்லிய பகுதியைக் கோதுமைப் பசை தடவிய காகித நாடாவால் பிடிக்கலாம். வலது கீழ் மூலையில் சீட்டு: இடம், திகதி, பறித்தவர், இலக்கம், செடியின் உயரம், மண், பக்கத்தில் நின்ற செடிகள், பூவின் நிறமும் மணமும். நிறமும் மணமும் காய்ந்தபின் போய்விடும் என்பதால் பறித்த இடத்திலேயே எழுத வேண்டும். சாதாரண பேனை மை ஈரத்தில் கரையும், பென்சில் கரையாது. தாவரப் பெயரைப் பிறகு நிரப்பலாம். ஹெர்மனின் தாள்களுக்கு இல்லாமல் போன விவரம் இதுதான். வாவிக்கரையில் ஒரு செடி எந்த ஆண்டு வரை நின்றது என்று 50 வருடத்துக்குப் பிறகு யாராவது கேட்டால் இந்தச் சீட்டைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

பூச்சிக்கு அந்தக் காலத்தில் பாதரசக் குளோரைட்டு பூசினார்கள். அது கடும் நஞ்சு, பாடசாலைக்கு ஆகவே ஆகாது. தாள்களைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஆழ்குளிரூட்டியில் -18 பாகைக்குக் கீழே ஒரு வாரம் வைத்தால் வண்டும் புழுவும் சாகும். வெளியே எடுத்தவுடன் பையைத் திறந்தால் தாள் வியர்த்து நனைந்துவிடும். அறைவெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் பொறுங்கள்.

கடைசியாக, எதையும் ஒன்றாக மட்டும் பறிக்காதீர்கள். செடி தாராளமாக நிற்கும் இடத்தில் இரண்டு கிளை எடுத்து, ஒரே இலக்கம் கொடுத்து, ஒன்றைப் பாடசாலையில் வைத்து மற்றதை வேறு ஊரில் உள்ள சேகரிப்புக்குக் கொடுங்கள். 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் கண்ட கரையில் ஒரே அலுமாரியை நம்ப முடியாது. பேராதனைத் தாவரப் பூங்காவில் தேசிய உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை உங்களுக்குப் பக்கம். இரண்டு இடத்துக்கும் முதலில் கடிதம் எழுதி, எந்த அளவுத் தாள், என்ன விவரம் வேண்டும் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். கண்டலிலும் ஒதுக்குக் காடுகளிலும் கால் வைக்கும் முன் வனத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி தேவை. பாடசாலை வளவும் வீட்டு வேலியும் வயல் வரம்பும் முதல் தவணைக்குத் தாராளம். கச்சான் தொடங்கும் மாதத்தில் ஆரம்பித்தால் பிள்ளைகளுக்குக் கை பழகும், மாரி வருவதற்குள் குமிழ்ப் பெட்டியையும் செய்துவிடலாம்.