பெக் குழாய் அடைப்பு: அம்பாசமுத்திரம் அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, பக்கவாதம் வந்த அப்பாவுக்கு வயிற்றில் பெக் குழாய் (வயிற்றில் துளையிட்டு நேரே இரைப்பைக்குள் உணவு செலுத்தும் குழாய்) வைத்து மூன்று வாரம் ஆகிறது, கூழ் ஊற்றினால் அடைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பாளையங்கோட்டையில் எங்கள் அம்மாவுக்கும் இதே கதைதான். கேழ்வரகுக் கூழை வடிகட்டாமல் ஊற்றினேன், தப்பு என்னுடையது. மிக்ஸியில் எவ்வளவு அடித்தாலும் உமித்துகள் நிற்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, சிரிஞ்சில் தானாக இறங்கும் பதத்துக்கு நீர்க்க வையுங்கள். முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட வேண்டும். மாத்திரையைப் பொடிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், எல்லாவற்றையும் பொடிக்கக் கூடாது.

அடைத்தால் வெதுவெதுப்பான நீரை சிரிஞ்சால் மெதுவாக உள்ளே விட்டு இழுங்கள். கம்பி விட்டுக் குத்தவே கூடாது. ஊட்டும்போது தலைமாடு உயரமாக இருக்கட்டும், அப்புறமும் ஒரு மணி நேரம் அப்படியே. குழாய் கழன்றால் நீங்களே திருப்பிச் சொருகாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி; துளை சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும்.

இன்னொன்று. சொதி கொதிக்கும் வாசம் வந்தாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்கு மருந்து கிடையாது; சமைக்கிற நேரம் திண்ணையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவோம்.