பழைய வீட்டில் சீலிங் ஃபேன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட கூரை) போட்ட பழைய வீடு. கூடத்தில் 14 அடி உயரத்தில் தேக்குக் கட்டைகள். ஒரு கட்டையில் திருகுக் கொக்கியை ஏற்றி ஃபேன் மாட்டிவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். எனக்குப் பயமாக இருக்கிறது. மாட்டலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஃபேனின் எடை 4 முதல் 6 கிலோதான். அதைத் தாங்குவது கட்டைக்குப் பெரிய காரியமில்லை. தொல்லை தருவது அதிர்வு. கீழிருந்து ஏற்றிய திருகை மரத்தின் நார் மட்டுமே பிடித்திருக்கும். மாதக்கணக்கில் அதிர்ந்தால் மரை தளரும், வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே துளை போட்டு, திருகைப் பிடிக்கும் பிளக் அடிப்பது இதைவிட மோசம். அங்கே இருப்பது செங்கல்லும் சுண்ணாம்பும்தான், பிடிமானம் கிடைக்காது.

முதலில் கட்டையைப் பாருங்கள். ஃபேன் வரப்போகும் இடத்திலும், கட்டை சுவருக்குள் நுழையும் இரு முனைகளிலும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டுங்கள், முனையால் அழுத்துங்கள். பொத்தென்ற ஓசை வந்தாலோ, முனை சுலபமாக உள்ளே இறங்கினாலோ, கரையான் மண் தெரிந்தாலோ அந்தக் கட்டையைத் தொடாதீர்கள். மழைநீர் கசியும் சுவரோரம்தான் பெரும்பாலும் முதலில் உளுக்கும்.

கட்டை நன்றாக இருந்தால், 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் உள்ள பட்டை இரும்பைக் கட்டையின் அகலத்துக்கு ‘ப’ போல வளைத்து, கீழிருந்து கட்டையை அணைத்தபடி பொருத்தச் சொல்லுங்கள். ஃபேன் தொங்க 12 மி.மீ. கம்பி வளையத்தின் இரு காலையும் பட்டையின் அடியில் பற்றவைக்க வேண்டும். இதைப் பட்டறையிலேயே முடித்துக் கொண்டுவாருங்கள். காய்ந்த தேக்குக்கு அடியில் வெல்டிங் பொறி பறக்கவே கூடாது. பிறகு பக்கவாட்டில் கட்டையை ஊடுருவும் 10 மி.மீ. போல்ட் இரண்டு, இருபுறமும் வாஷர், லாக் நட். துளை கட்டை உயரத்தின் நடுவில் வரட்டும். பாரத்தில் கட்டையின் அடிப்பக்கம்தான் இழுபடுகிறது. அங்கே துளைத்தால் கட்டையே பலவீனமாகும்.

ஃபேனை மாட்டுமுன் சோதனை: வளையத்தில் கயிறு கட்டி, 30 கிலோ மணல் மூட்டையைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். பட்டை இம்மியும் இறங்கக்கூடாது.

14 அடிக் கூரைக்கு நீளமான ராட் தேவைப்படும். இறக்கை தரையிலிருந்து எட்டு, ஒன்பது அடியில் இருந்தால் காற்று நன்றாக வரும். எந்தக் காரணத்துக்காகவும் 7 அடிக்குக் கீழே வரக்கூடாது. ராட் ஒரே துண்டாக இருக்கட்டும், ஒட்டுப்போட்ட குழாய் வேண்டாம். மேலும் கீழும் போல்ட்டில் புதிய ஸ்ப்ளிட் பின் போட்டு, அதன் இரு காலையும் எதிரெதிராக விரித்துவிடுங்கள். ஃபேன் கழன்று விழுவதற்கு இந்தச் சின்னப் பின் இல்லாததே பல சமயம் காரணம். ராடைக் கொக்கியோடு சேர்க்கும் ஷாக்கிளின் ரப்பரும் புதிதாக இருக்கட்டும்.

ஒயரிங்கையும் விட்டுவிடாதீர்கள். பழைய ரப்பர் ஒயர் மொறுமொறுவென்று உடையும், எர்த்தும் இருக்காது. 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் மூன்றைப் புதிதாக இழுத்து, எர்த்தை ஃபேன் உடலோடு சேருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) போடுவது உயிருக்குச் செய்யும் செலவு. இன்னொன்று: பழைய வீடுகளில் நியூட்ரலிலும் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) பீங்கான் ஃப்யூஸ் இருக்கும், சில இடங்களில் சுவிட்சே நியூட்ரலில் இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் ஃபேனில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கலாம். ஆகவே மெயினை அணைத்துவிட்டு, இரண்டு ஒயரையும் டெஸ்டரால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

கேள்வி: 1970களில் கட்டிய காங்கிரீட் வீடு. கொக்கி துருப்பிடித்து, சுற்றிலும் பூச்சு உதிர்கிறது. பெயின்ட் அடித்தால் போதுமா?
– வாசகர், மதுரை

பதில்: போதாது. துருவைச் சுரண்டிவிட்டு, ஃபேன் உரசும் வளைவில் கொக்கியின் தடிமனை அளந்து பாருங்கள். 12 மி.மீ. கம்பி அங்கே 9, 10 மி.மீ. ஆகத் தேய்ந்திருந்தால் அதை நம்பக்கூடாது. கூடவே கூரைக் கம்பியும் துருவேறி வெளியே தெரிந்தால், ஃபேனை இறக்கிவிட்டு முதலில் பொறியாளரிடம் காட்டுங்கள்.

காங்கிரீட் கெட்டியாக இருந்தால் ஓர் அடி தள்ளிப் புதுக் கொக்கி போடலாம். மேலே மொட்டைமாடி இருந்தால், துளையை மேல்வரை ஊடுருவவிட்டு, மரை வெட்டிய 12 மி.மீ. கொக்கியை ஏற்றி, மேலே 10 செ.மீ. சதுரத் தகடும் இரட்டை நட்டும் போடுவது எங்கள் அனுபவத்தில் மிகப் பலமான வழி. தகட்டைச் சுற்றி நீர்க்காப்பு முக்கியம். விட்டால் அதே துளை வழியே மழை இறங்கி மறுபடி துரு. மேலே மொட்டைமாடி இல்லையென்றால் 6 மி.மீ. தகட்டை நான்கு ஆங்கர் போல்ட்டால் (காங்கிரீட்டுக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) பிடிக்கலாம். அப்போதும் அதே மூட்டைச் சோதனை.

கேள்வி: பழைய பெரிய ரெகுலேட்டரிலேயே புது பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேனை இணைக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கூடாது. அந்த ஃபேனின் வேகத்தை உள்ளே இருக்கும் சர்க்யூட் பார்த்துக்கொள்ளும். ரெகுலேட்டர் வழியாகக் குறைந்த மின்னழுத்தம் போனால் அந்த சர்க்யூட் பழுதாகலாம். ரெகுலேட்டரைக் கழற்றி, சுவிட்சிலிருந்து நேராக ஒயர் கொடுங்கள்.