பட்டினி கிடக்காமலும் ஜிம்முக்குப் போகாமலும் உடல் எடையைக் குறைக்க என்ன செய்யலாம்?

வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓட்ஸும் சாலடும் சாப்பிட்டுப் பார்த்தேன், இரண்டு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை, ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை என்று கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடையில் கேரள எல்லையை ஒட்டி வாழ்பவன். மட்டை அரிசி (சிவப்புப் புழுங்கலரிசி) சோறு, மரச்சீனி (மரவள்ளி) கிழங்கு, மீன்கறி, தேங்காய் சேர்த்த துவரன் (பொரியல்) ஆகியவைதான் இன்றும் எங்கள் வீட்டுச் சாப்பாடு. இவற்றில் ஒன்றையும் விடாமலேயே என் எடை குறைந்து, குறைந்த நிலையிலேயே நிற்கிறது. தட்டில் எது எவ்வளவு இருக்கிறது என்பதை மாற்றினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சம் தாங்கும் பயிராக மரச்சீனியை ஊக்குவித்தார் என்பது எங்கள் பகுதியில் பலரும் அறிந்த செய்தி. அது பசி போக்கிய உணவு என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 160 கலோரியும் 38 கிராம் மாவுச்சத்தும் இருக்க, புரதமோ ஒன்றரை கிராம்கூட இல்லை. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முன்னூறு நானூறு ரப்பர் மரங்களைச் சுற்றிப் பால் வெட்டி, மறுபடியும் அதே மரங்களைச் சுற்றிச் சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேகரித்து வருபவருக்கு ஒரு தட்டு நிறையக் கிழங்கு தேவைதான். பகல் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் என்னைப் போன்றவருக்கு அதே தட்டு மிகை. வேலை மாறிவிட்டது, தட்டு மட்டும் மாறவில்லை.

ஆகவே நான் செய்தது இவ்வளவுதான். கிழங்கைப் பாதியாகக் குறைத்து, மீனை இரட்டிப்பாக்கினேன். சாளை (மத்தி) மீன் 100 கிராமில் 20 கிராம் அளவுக்குப் புரதமும், இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. விலை உயர்ந்த மீன்தான் வேண்டும் என்பதில்லை. சாளையும் நெத்திலியும் அயலையும் போதும், ஆனால் பொரிக்காமல் கறியாக வைக்க வேண்டும். மீன் இல்லாத நாளில் ஒரு கிண்ணம் வேகவைத்த சிறுபயறு 14 கிராம் புரதம் தரும். கஞ்சியும் பயறும் என்ற நம் பழைய சேர்க்கையில் கஞ்சியைக் குறைத்துப் பயறைக் கூட்டினால் அதைவிட நல்ல காலைச் சாப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் பரிந்துரைக்கிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 58 கிராம். நம்மில் பலர் சோற்றின் அளவைப் பார்த்து வயிறு நிறைந்ததாக நினைக்கிறோமே தவிர, இந்தக் கணக்கை எட்டுவதில்லை. புரதம் போதாமல் உணவைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும், பசியும் அடங்காது.

தட்டில் வைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் துவரனோ அவியலோ தட்டில் பாதி இடத்தைப் பிடிக்கட்டும், பிறகு மீன் அல்லது பயறு, கடைசியில் சோறு. அம்மா பரிமாறும்போது "இத்திரி (கொஞ்சம்) கிழங்கு கூட வைக்கட்டா மக்களே?" என்று கேட்பதை மறுப்பது எனக்குக் கடினமாக இருந்தது. அன்பாகக் கேட்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. "மீன் வையுங்கம்மா" என்று கேட்கத் தொடங்கியபோது அவருக்கும் மனக்குறை இல்லை, எனக்கும் கிழங்கு கூடவில்லை.

இரண்டு நம்பிக்கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மட்டை அரிசியில் நார்ச்சத்து சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் கலோரியில் வெள்ளை அரிசிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை, ஆகவே அளவு பார்க்காமல் சாப்பிட அனுமதி கிடைத்துவிட்டதாகக் கருதக் கூடாது. கருப்பட்டிக் காப்பியும் அப்படியே. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், உடல் அதைத் தனியாக மன்னிப்பதில்லை. எண்ணெயைப் பொறுத்தவரை, தேங்காய் எண்ணெயோ வேறெந்த எண்ணெயோ ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. எங்கள் வீட்டில் பாட்டிலிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றுவதை நிறுத்தி, கரண்டியால் அளந்து ஊற்றுகிறோம். சுவையில் யாரும் குறை சொல்லவில்லை.

எடை உண்மையில் கூடுவது மதியச் சோற்றில் அல்ல, மாலை நான்கு மணித் தேநீர்க் கடையில் என்பது நான் சுற்றிலும் காண்பது. பழம்பொரி, ரசவடை, கை நிறைய நேந்திரங்காய் சிப்ஸ், இரண்டு கரண்டி சீனி போட்ட சாயா எனச் சேர்த்தால் அது ஒரு முழுச் சாப்பாட்டின் கலோரி. ஆனால் அதை யாரும் சாப்பாடாகக் கணக்கில் எடுப்பதில்லை. கடைக்குப் போவதை நான் நிறுத்தவில்லை, ஏனெனில் அங்கேதான் நண்பர்களைச் சந்திக்கிறேன். சீனி இல்லாத சாயாவும் அவித்த முட்டையோ சுண்டலோ போதும் என்று மாற்றிக்கொண்டேன். இரவில் பரோட்டா சாப்பிடுவோருக்கு ஒரு தகவல்: அரை மணி நேர நடையில் செலவாவதைவிட ஒரு பரோட்டாவில் உள்ள கலோரி அதிகம். நடந்தே தீர்த்துவிடலாம் என்று எண்ணிச் சாப்பிடுவது ஒருபோதும் ஈடாகாது.

அதற்காக உடற்பயிற்சி வேண்டாம் என்று பொருள் இல்லை. எடையைக் குறைப்பதில் உணவுக்குப் பெரும் பங்கு, குறைந்த எடை திரும்பி வராமல் காப்பதில் உடற்பயிற்சிக்குப் பெரும் பங்கு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும். நான் விடியற்காலையில் சானல்கரையில், அதாவது கால்வாய்க் கரையில், நடக்கிறேன். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். இரண்டாவது பகுதியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், தண்ணீர் நிரப்பிய இரண்டு குடங்களைத் தூக்கி நடப்பது ஆகியவற்றுக்குக் கருவிகள் தேவையில்லை. எங்கள் பகுதியில் இடவப்பாதியிலும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையிலும் (வடகிழக்குப் பருவமழை) வெளியே நடக்க முடியாத நாட்கள் தொடர்ந்து வரும். அந்த நாட்களுக்கென்றே வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்குவதையும் இந்தப் பயிற்சிகளையும் முன்கூட்டியே பழகி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மழை ஓய்ந்த பிறகும் நடை திரும்ப வராது.

தனியாகச் செய்யாதீர்கள் என்பதற்கு எங்கள் எல்லைக்கு அப்பாலேயே ஒரு சான்று இருக்கிறது. நெய்யாற்றின்கரை தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, நீரிழிவு அபாயம் உள்ள 1007 பேரிடம் கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்ற ஆய்வு நடந்தது. 2018-இல் அதன் முடிவுகள் வெளியாயின. அவர்களில் ஒரு பகுதியினர் உணவு, உடலுழைப்புப் பழக்கங்களை மாற்றும் குழுக்களில் சேர்க்கப்பட்டார்கள், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே அக்குழுக்களை வழிநடத்தினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் குழுவில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே நீரிழிவு வந்தோரின் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் குழுவில் இருந்தவர்கள் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, மது அருந்துவது குறைந்தது. பழக்கங்கள் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்தால் மாறுகின்றன என்பதற்கு எனக்கு அது போதும். என் நடையும் பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் வந்து கூப்பிடத் தொடங்கிய பிறகே நிலைபெற்றது.

எடைக் கருவியை வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில் பாருங்கள். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே நல்ல வேகம். அதைவிட நம்பகமானது அளவு நாடா. இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவைத் தாண்டினால் எடை எவ்வளவு இருந்தாலும் கவனம் தேவை. நடையோடு தசைப் பயிற்சியும் சேரும்போது எடை நின்ற இடத்தில் நிற்க, நாடா மட்டும் குறைவதைக் காண்பீர்கள். அப்போது மனம் தளர்ந்து சோற்றை இன்னும் குறைக்க வேண்டியதில்லை.

நீங்கள் நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், சோற்றையும் கிழங்கையும் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். பழைய அளவு மருந்தோடு மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன்பும் அவ்வாறே கேட்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் படிக்கட்டைத் தவிர்த்து, சமதளத்தில் நடந்து, நாற்காலிப் பயிற்சியிலிருந்து தொடங்கலாம்.