மால்வெர்னில் இன்றும் எரியும் எரிவாயு விளக்குகள்

கேள்வி: இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் படிக்கும் மகளைப் பார்க்கச் சென்றபோது, அருகிலுள்ள கிரேட் மால்வெர்னில் பழைய தெருவிளக்குகளைக் கண்டேன். அவை எரிவாயுவில் எரிகின்றன என்றார்கள். அது உண்மையா? சிங்கப்பூரிலும் அத்தகைய விளக்குகள் இருந்தனவா?
– வாசகி, அங் மோ கியோ

பதில்: உண்மையே. மால்வெர்னின் சரிவான தெருக்களில் ஏறத்தாழ 100 விளக்குகள் எரிவாயுவைக் கொண்டே எரிகின்றன. அவற்றுள் பல, சட்டப் பாதுகாப்புப் பெற்ற கட்டுமானங்களின் பட்டியலில் இடம்பெற்றிருப்பதால், அனுமதியின்றி அவற்றை அகற்றவோ மாற்றவோ இயலாது.

நீங்கள் கண்டது சுடரின் நேரடி ஒளி அன்று. 1807இல் லண்டனின் பால் மால் தெருவில் ஃபிரெடரிக் வின்சர் ஏற்றிக்காட்டிய விளக்குகளில் வெறும் சுடரே எரிந்தது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் 1885இல் காப்புரிமை பெற்ற மேண்டில் என்னும் வலையுறைதான் எரிவாயு விளக்கின் தன்மையையே மாற்றியது. தோரியம், சீரியம் ஆகியவற்றின் உப்புகளில் தோய்த்த வலைத்துணி முதன்முறை எரியும்போது துணி சாம்பலாகிவிட, எஞ்சும் ஆக்சைடு வலை சுடரின் வெப்பத்தில் வெண்மையாக ஒளிர்கிறது. திருமண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் பார்த்த தலைமுறையினருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டிலும் ஒளி தருவது அதே மேண்டில்தான். தொட்டாலே உதிர்ந்துவிடும் அந்த வலையை அவ்வப்போது மாற்றி, கண்ணாடியைத் துடைத்து, நேரக்கருவியைச் சரிபார்க்கும் கைகள் இருப்பதால்தான் இவ்விளக்குகள் பிழைத்திருக்கின்றன. நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவுக்குப் பதிலாக 1967 முதல் பிரிட்டனில் இயற்கை எரிவாயு படிப்படியாகப் புகுந்தபோது, எரிகுழல்களையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது.

சிங்கப்பூரிலும் இருந்தன. காலாங் எரிவாயு ஆலையிலிருந்து குழாய்வழி வந்த வாயுவால் 1864இல் நம் தெருக்கள் ஒளிபெற்றன. அதற்கு முன்பு தேங்காய் எண்ணெய் விளக்குகளே இருந்தன. 1906இல் ராஃபிள்ஸ் பிளேஸ் உள்ளிட்ட இடங்களில் மின்விளக்குகள் வந்தன. இன்று நம் மரபு வட்டாரங்களில் பழைய பாணிக் கம்பங்களைக் காணலாம். அவற்றில் எரிவது மின்சாரமே. கம்பத்தைக் காப்பது எளிது, அதன் ஒளியைக் காப்பதே கடினம் என்பதால்தான் மால்வெர்னை நான் பெரிதாக மதிக்கிறேன். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியிலும் எரிவாயு விளக்குகளை எல்இடிக்கு மாற்றும் திட்டம் எழுந்தபோது மக்கள் எதிர்த்தது கம்பங்களுக்காக அன்று, அந்த ஒளிக்காகவே. எரிபொருள் செலவையும் கரிம வெளியேற்றத்தையும் முன்வைப்போரின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே ஆகையால், அந்தச் செலவை ஏற்பது தகும் என்பதே என் கருத்து.

அடுத்த முறை மால்வெர்ன் செல்லும்போது பகலிலும் கண்ணாடிக் கூண்டை அண்ணாந்து பாருங்கள். பழைய முறையிலேயே இயங்கும் விளக்கானால், மாலையில் மேண்டிலைப் பற்றவைப்பதற்கான சிறு சுடர் அப்போதும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும்.