வாசகர் கேள்வி – பதில்: வளவில் தாகூர் படங்கள்

கேள்வி: தாகூர் வரைந்த படங்களின் பிரதிகள் 20-ஐ எங்கள் பழைய வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரத்தில்) மூன்று நாள் மாட்டி வைத்து, கூடவே அவர் பாடல்களையும் பாட வைக்கப் போகிறோம். முட்டைப் பூச்சுச் சுவரில் சின்ன ஆணியாவது அடிக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். அந்தச் சுவர் ஒரே பூச்சு இல்லை. சுண்ணாம்புக் காரையைப் பல தடவை பூசி, மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்து மெருகேற்றியது. சுத்தியல் விழுந்தால் ஓட்டை ஆணி அளவோடு நிற்காது. மேல்பூச்சு அடிப்பூச்சை விட்டுக் கழன்று சில்லுச் சில்லாகப் பெயரும். சிமெண்ட் வைத்து அடைத்தால் இன்னும் மோசம், ஈரம் வெளியேற வழியில்லாமல் சுற்றிலும் உப்புப் பூக்கும். இரட்டை ஒட்டு டேப்பும் மெருகை உரித்துவிடும்.

வளவுத் தூண்களுக்கு நடுவே ஏழடி உயரத்தில் கெட்டி மூங்கிலைப் பருத்திக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். கயிற்றுக்கு அடியில் பழைய வேட்டித் துண்டைச் சுற்றினால் தூணின் மெருகு தேயாது. ஒரு படத்துக்கு ஒற்றைக் கம்பி போதாது, காற்றடித்தால் சுழலும், இரண்டு வேண்டும். நைலான் நரம்பு பாரத்தில் இழுபட்டு மறுநாளே படம் கோணிக்கொள்ளும், மெல்லிய முறுக்குக் கம்பியே நல்லது. 16-க்கு 20 அங்குலச் சட்டத்தில் 2 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஒரு கிலோ வரும். அக்ரிலிக் போட்டால் பாதி. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடியில் இருக்கட்டும்.

மாட்டுவதற்கு முந்தைய நாளே காலை முதல் மாலை வரை வெயில் விழும் இடங்களை ஆத்தங்குடிக் கல் தரையில் சாக்கட்டியால் குறித்துவையுங்கள். அந்த எல்லைக்குள் எதையும் மாட்ட வேண்டாம். வெயில் பட்டால் சாதாரண பிரிண்டர் மை சீக்கிரம் வெளுக்கும், கண்ணாடியும் பளபளத்து முகம் பார்க்கத்தான் உதவும்.

கேள்வி: தாகூர் படங்களின் பிரதிகளை இப்படி மாட்ட யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: தாகூர் 1941-ல் மறைந்தார். நம் சட்டப்படி, படைத்தவர் மறைந்த பின் 60 ஆண்டு நீடிக்கும் பதிப்புரிமை 2001 முடிவோடு தீர்ந்தது, அனுமதி வேண்டாம். ஆனால் அண்மையில் வந்த ஓவிய நூலின் கட்டுரையை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள், அது எழுதியவருக்கு உரியது.

கேள்வி: படங்களுக்குக் கீழே என்ன எழுதுவது?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: பெரும்பாலான படங்களுக்கு அவர் தலைப்பே வைக்கவில்லை. நாமாக ‘சோகப் பெண்’ என்று பெயர் சூட்டுவது அத்துமீறல். ‘தலைப்பில்லை, காகிதத்தில் மை’ என்று எழுதி, தெரிந்தால் ஆண்டும், மூலம் இருக்கும் இடமும் போடுங்கள், போதும்.

வரிசையின் தலையில் ஒரு கையெழுத்துப் பக்கத்தின் பிரதி இருக்கட்டும். 1924-ல் ‘பூரவி’ கவிதைகளை எழுதும்போது அடித்த சொற்களை மையால் கோத்துக் கோத்து உருவங்களாக்கினார். ஓவியரானதன் தொடக்கம் அங்கேதான். முதல் கண்காட்சி 1930 மே மாதம் பாரிஸில் நடந்தது, அந்த மாதம்தான் அவருக்கு 69 வயது நிறைந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் பெரிதாக்காமல் அசல் அளவில், கண்ணுக்குக் கிட்டே வையுங்கள். பெரிதாக்கினால் பேனா முனையின் கீறல் மங்கி வெறும் கறையாகத் தெரியும்.