ஒரு ஆளுக்கு எத்தனை சைடு? (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

நான் விழுப்புரத்துக்காரன். வேலை நிமித்தம் கோவை சரவணம்பட்டியில் குடியிருக்கிறேன். மனைவிக்குச் சொந்த ஊர் சிங்காநல்லூர். இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளைகளை மால், தீம் பார்க் இரண்டும் இல்லாமல் வேறு எங்காவது கூட்டிப்போகலாம் என்று பார்க்கிறேன். பெண் ஏழாம் வகுப்பு, பையன் நான்காம் வகுப்பு. கோவையில் உருப்படியான மியூசியம், ஓவியக்கூடம் ஏதாவது உண்டா? யாரைக் கேட்டாலும் கார் மியூசியம் ஒன்றையே சொல்கிறார்கள். எழும்பூர் மாதிரி இங்கே எதிர்பார்க்க முடியாது என்று தெரியும். தொழில் ஊர்தானே, பெரிய வரலாறு எதுவும் கிடையாது. இருப்பதில் எது நல்லது என்று சொல்லுங்கள். இன்னொரு சிக்கல். மாமனார் எங்களோடு இருக்கிறார். மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், முழங்கால் வலி. வீட்டில் தனியாக விட முடியாது. அவரை ஓரமாக உட்கார வைக்க வசதியுள்ள இடமாக இருந்தால் நல்லது.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளைகளை மாலுக்கு வெளியே கூட்டிப்போக நினைத்ததற்கே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தரலாம். கடிதத்தின் கடைசி மூன்று வரிகளுக்காக அந்தக் காபியை நானே குடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். கௌலி பிரவுன் சாலையில் வனக் கல்லூரி வளாகத்துக்குள் கேஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. 1902இல் தொடங்கியது. கேஸ் என்பவர் அப்போதைய வனப் பாதுகாவலர், அவர் பெயரில்தான் இன்றும் நிற்கிறது. பாடம் செய்த காட்டுமாட்டின் முன்னால் உங்கள் பையனை நிறுத்துங்கள், பிறகு அவன் செல்போன் கேட்க மாட்டான். வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் பெண்ணுக்குப் பிடிக்கும். அவள் முகம் சுளித்தால் பையனுக்குப் பிடிக்கும். அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் பெயரில் ஓவியக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் ஒரே இடத்தில் உண்டு. அவர் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் இயக்குநராக இருந்தவர். நூலும் நிறமும் ஒரே ஆளுக்குள் இருந்தன என்பது அந்தக் கட்டடத்துக்குள் போனாலே தெரியும். கொடிசியா கண்காட்சி வளாகத்துப் பக்கம் வட்டார அறிவியல் மையம் இருக்கிறது, குழந்தைகள் பொத்தான்களை அமுக்கி மகிழலாம். கட்டணம், நேரம் எல்லாம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கு நான் எதற்கு?

கார் மியூசியத்தை ஒதுக்க வேண்டாம், போங்கள். ஆனால் கார்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அதே அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடுவின் தொழிற்கண்காட்சியையும் பாருங்கள். 1893இல் சூலூர் பக்கம் கலங்கலில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், பள்ளிக்கூடம் ஒத்துவராமல் விட்டவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டிக்கொண்டு தொடங்கினார். உள்நாட்டிலேயே செய்த முதல் மின் மோட்டார் என்று சொல்லப்படுவது 1937இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையில் செய்தது. உங்கள் பெண்ணுக்கு ஒன்று விளக்குங்கள்: மோட்டார் இந்த ஊருக்கு ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது? கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. எருது பூட்டி இழுக்கும் ஏற்றமான கவலையில் இறைத்துத்தான் தண்ணீர் மேலே வரும். எருது பின்னால் நடந்து வந்து, முன்னால் நடந்து போய், ஒரு பறி தண்ணீர். விடியக்காலையில் பூட்டினால் வெயில் ஏறும்வரை அதே தடம்தான். அந்தத் தடத்தில் நடந்தவர்களின் பிள்ளைகள்தான் பம்பு செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

'பெரிய வரலாறு எதுவும் கிடையாது' என்று எழுதியிருக்கிறீர்கள். விழுப்புரத்துக்காரர் என்பதால் மன்னிக்கிறேன், ஆனால் அதே வரியை கோவைக்காரர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவர்களை மன்னிக்க மாட்டேன். சென்னிமலை பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல். இரும்பு உருக்கிய உலைகளும் கல்மணி பட்டை தீட்டிய தடயங்களும் அங்கே தோண்டியெடுக்கப்பட்டன. பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமியில் ஆட்பெயர்கள். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இது தொழில் ஊர். கோவையை ஒட்டியிருக்கிற வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. இன்று வெள்ளலூர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு. அதற்கு மேல் நான் என்ன சொல்ல? 'தொழில் ஊர், அதனால் வரலாறு இல்லை' என்று இனிமேல் எழுதாதீர்கள். தொழில்தான் இங்கே வரலாறு.

இப்போது உங்கள் மாமனார்.

மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். நீங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஊரைக் காட்டக் கிளம்புகிறீர்கள். காரில் ஏற்றிப்போகிற பையைப் போல அவரை எங்கே இறக்கி வைப்பது என்று என்னிடம் கேட்கிறீர்கள்! எந்த மில் என்று எழுதவில்லை. எந்த டிபார்ட்மெண்ட் என்று எழுதவில்லை. உங்களுக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். பஞ்சைச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமா, சிக்கெடுக்கும் கார்டிங்கா, நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமா, சிட்டம் சுற்றும் ரீலிங்கா? சிங்காநல்லூரில் பெண் எடுத்திருக்கிறீர்கள், மில் சங்கு ஊதினால் அடுப்பு பற்றவைத்த ஊர் அது. கேட்டிருக்க வேண்டாமா?

என் பெரியப்பா ரிங் ஃப்ரேமில் சைடர், அதாவது அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி. பேரப் பிள்ளைகளோடு அவரையும் ஒருமுறை ஒரு பழைய இயந்திரக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனோம். எந்த ஊர் என்பது முக்கியமில்லை. பளபளவென்று துடைத்த ஒரு ரிங் ஃப்ரேம், பக்கத்தில் போர்டு. செய்த கம்பெனி, நாடு, வருடம், எத்தனை ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்), எத்தனை குதிரைத்திறன். பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுதும் படித்தார். விளக்கம் சொல்ல நின்ற பையனைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, இது ஒரு ஆளுக்கு எத்தன சைடுங்க?"

பையனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "போர்டுல இருக்கிறதுதான் சார் எனக்குத் தெரியும்" என்றான்.

"அது இல்லாம அப்புறம் என்னத்துக்குங்க போர்டு?"

வெளியே வந்தும் அவர் அதை விடவில்லை. பேத்திக்குச் சொன்னார், நானும் கேட்டேன். ஃப்ரேமுக்கு இரண்டு பக்கம், அதுதான் சைடு. சைடு முழுக்க வரிசையாக ஸ்பிண்டில்கள் சுற்றும். சைடரின் வேலை நடப்பது, அறுந்த இழையைப் பார்த்ததும் சேர்ப்பது. முழங்காலால் பிரேக்கை அழுத்தி அந்த ஒரு ஸ்பிண்டிலை மட்டும் நிறுத்த வேண்டும். பாபினை உருவி, அதில் முனையைத் தேடி, கொஞ்சம் நூலை அவிழ்த்து, பாபினைத் திரும்பச் செருக வேண்டும். ரிங்கில் ஓடுகிற ட்ராவலர் என்று ஒன்று உண்டு, நகத்துண்டு அளவு கம்பி வளையம். நூலை அதற்குள் நுழைத்து, மேலே கொண்டுபோய், ரோலரிலிருந்து புகை மாதிரி இறங்குகிற பஞ்சில் தொட்டுவிட்டு, அதே நொடியில் முழங்காலை எடுக்க வேண்டும். முறுக்கு ஏறி இழை பிடித்துக்கொள்ளும். முழங்காலை முந்தி எடுத்தால் அறுந்துபோகும், பிந்தி எடுத்தால் நூலில் முடிச்சு மாதிரி தடிமன் விழும். ஒன்றைச் சேர்ப்பதற்குள் நாலு தள்ளி இன்னொன்று அறுந்திருக்கும். காற்றில் ஈரம் குறைந்த நாளில் இன்னும் மோசம்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஆளுக்கு இரண்டு சைடு. சில வருடத்தில் இன்னும் இரண்டு சைடு சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். சம்பளம் அதேதான். அதற்காக வேலைநிறுத்தம் நடந்தது. பெரியம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மில் பெயரைச் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு மில் மட்டுமா இருந்தது? ஆக, பெரியப்பா கேட்டது ஏதோ கிழவரின் பிடிவாதக் கேள்வி அல்ல. ஓர் இயந்திரத்தைப் பற்றி அவர் ஊரே சண்டை போட்ட கேள்வி அது. குதிரைத்திறன் போர்டில் இருக்கிறது, ஆள்திறன் இல்லை.

இதைத்தான் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நம் ஊரில் நிறுவனர் படம் இல்லாத சுவர் இல்லை. முதலாளிகள் பெரியவர்கள்தான், நான் மறுக்கவில்லை. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் மில்லைத் தொடங்கினார், 1932இல் நீலகிரியிலிருந்து பைகாரா நீர்மின்சாரம் வந்தது, அதன்பிறகு மில்கள் பெருகின. இதை எந்தப் பள்ளிக்கூடப் பையனும் ஒப்பிப்பான். மின்சாரமும் மூலதனமும் வந்தால் நூல் தானாகச் சுற்றிக்கொண்டது என்கிற மாதிரியே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். 1946 ஜனவரி 8 அன்று ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்று நான்கு மில் தொழிலாளர்களைக் கோவைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று சொன்னால் சங்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அவிநாசி சாலையில் விமான நிலையத்தைத் தாண்டிப் போகிறவர்கள் அந்த ஊர்ப் பலகையைப் பார்க்கிறார்கள், ஏதோ பஸ் ஸ்டாப் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மில்கள் மூடியபோது ஃப்ரேம்களை எடைக்குப் போட்டார்கள். அது போகட்டும், இரும்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரும்பு போனது எனக்குப் பெரிய துக்கம் இல்லை. ஆனால் வீடுகளில் இருந்தவையும் போய்விட்டனவே. பித்தளை டோக்கன், இ.எஸ்.ஐ. அட்டை, போனஸ் ரசீது, சங்கத்துச் சந்தாச் சீட்டு. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது எல்லாம் பழைய பேப்பர்காரர் தராசில் ஏறின. கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தில் மாவாட்டும் கிரைண்டரை 1955இல் கோவையில் சபாபதி என்பவர் செய்தார். புவிசார் குறியீடு கூட வாங்கிவிட்டோம். அந்தக் கல்லைக் கொத்தியவர்கள் யார், எந்த ஊர்க் கல், கொத்தும்போது மூச்சில் போன தூசி என்ன செய்தது, எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் இல்லை.

சரி, ரொம்பத் திட்டிவிட்டேன். நீங்கள் மோசமானவர் இல்லை. மாமனாரை வீட்டில் தனியாக விட முடியாது என்று கவலைப்படுகிற மருமகன்கள் எத்தனை பேர்? முழங்கால் வலியை நினைவில் வைத்து இடம் தேடுகிறீர்கள், அதுவே பெரிது. ஒரு சைடர் ஷிப்டுக்கு எத்தனை மைல் நடப்பார், எத்தனை முறை அந்த முழங்காலால் பிரேக்கை அழுத்துவார் என்று கணக்குப் போட்டால் வலியும் புரியும். அவர் சைடர்தானா என்று முதலில் கேளுங்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் ஜவுளி அருங்காட்சியகம். மாமனாரை ஓரமாக அல்ல, முன்னால் விடுங்கள். நாற்காலி கேட்டால் கொடுப்பார்கள், அதை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். நீங்கள் கூகுளைப் பார்த்து எதையும் விளக்கக் கூடாது. பிள்ளைகள் அவரை அப்புச்சி என்றுதானே கூப்பிடுகிறார்கள்? "அப்புச்சி, இதுல நீங்க என்ன பண்ணுனீங்க?" என்று பெண் கேட்கட்டும். முதலில் "அதெல்லாம் என்னத்த கண்ணு" என்பார், அந்தத் தலைமுறையே அப்படித்தான். இரண்டாம் முறை கேட்டால் சொல்வார். காட்டுமாடும் பூச்சிகளும் வேறொரு நாள், ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றினால் பிள்ளைகளுக்கு உணவகம் மட்டும்தான் நினைவிருக்கும்.

ஓவியக்கூடம் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதே கட்டடம்தான், கண்காட்சி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எந்த மில், எந்த டிபார்ட்மெண்ட் என்பதை மறக்காமல் எனக்கு எழுதுங்கள். அவர் பேசியதை உங்கள் பெண்ணே எழுதி அனுப்பினால் இங்கே வெளியிடுகிறேன். பிழைகளைத் திருத்த வேண்டாம்.