சூடானதும் நின்றுபோகும் பழைய மாருதி: கரண்ட் போகிறதா, பெட்ரோல் போகிறதா?

"1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓடியதும் நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் விட்டால் மறுபடி கிளம்புகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை சர்வீஸ் செய்தாயிற்று, மூன்று பிளக்கும் புதுசு. இன்னும் என்னதான் மாற்றுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். எப்படி நிற்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை, பாதி விடை அதில்தான் இருக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம் கோளாறு. நாலு தடவை இழுத்து, திணறி, ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வேகம் ஏறாமல் நின்றால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. அப்படியும் இல்லாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் நிற்கிறது என்றால் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலே எஞ்சின் ஓடுவது) பக்கம் போங்கள்; அங்கே முதல் சந்தேகம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் உள்ள சோலனாய்டு (கரண்ட் வந்தால் பெட்ரோல் வழியைத் திறக்கும் சின்ன வால்வு) மேல்தான், சாவியை ஆன் செய்யும்போது அது 'டிக்' என்று சத்தம் போடவேண்டும்.

மெக்கானிக்குகள் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்றால், வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்குள் ஆறிவிடுகிறது. பிளக்கில் பொறி வர ஹை வோல்டேஜ் கரண்ட் தருவது இக்னிஷன் காயில்; அதற்குள் ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி இருக்கிறது. பழசானால் சூட்டில் எங்கேயாவது விட்டுப்போகும், ஆறினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆறின காயிலில் மீட்டர் வைத்தால் எல்லாம் சரி என்றுதான் காட்டும். அதனால் சோதனையை நின்ற இடத்திலேயே, நின்ற நிமிடத்திலேயே செய்யவேண்டும்.

டேஷ்போர்டில் ஒரு உபரி பிளக்கும் பிளாஸ்டிக் பிடி போட்ட கட்டிங் பிளேயரும் வைத்துக்கொள்ளுங்கள். நின்றதும் ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி உபரி பிளக்கில் மாட்டி, பிளக்கின் இரும்புப் பகுதி எஞ்சின் மேல் படும்படி பிளேயரால் பிடித்துக்கொண்டு இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் இதைச் செய்யவே கூடாது. நீலமாக, சடசடவென்று பொறி அடித்தால் கரண்ட் சரி. மஞ்சளாக மங்கலாக வந்தாலோ வராமலே போனாலோ காயில், அல்லது அந்தக் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால், காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டிவிட்டுப் பொறி வரவைப்பது பழைய பாயிண்டும் கண்டென்சருமா, எலக்ட்ரானிக் மாட்யூலா என்று தெரிந்துவிடும். கண்டென்சரும் மாட்யூலும்கூட சூட்டில் காலை வாருகிற ஜாதிதான்.

பொறி நன்றாக இருந்தால் ஏர் ஃபில்டரைத் திறந்து, எஞ்சின் ஓடாதபோது, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலேட்டர் கேபிளை இழுங்கள். பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீச்சவேண்டும். பீச்சவில்லையா, கார்புரேட்டரில் பெட்ரோல் இல்லை. உடனே டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி கிளம்பினால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. சிரிக்காதீர்கள், என் வண்டிக்கு ஒரு கார்புரேட்டரையே மாற்றின பிறகுதான் எனக்கு இது புரிந்தது. மூடி சரி என்றால் எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுங்கள். ஐந்து நிமிடத்தில் கிளம்பினால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆகிறது, அல்லது பம்புக்குள் பெட்ரோலை இழுக்கும் டயாப்ரம் என்ற சவ்வு தளர்ந்துவிட்டது.

அப்புறம் ஓஸ் பைப்புகள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரை அது கெடுக்கும், டேங்கில் படிந்திருக்கும் அழுக்கையும் கிளப்பிவிட்டு ஃபில்டரை அடைக்கும். பைப்பை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் பைப்பாக மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

என் ஊகம் காயில்தான். ஆனாலும் பொறியைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள், அதுவரை கார்புரேட்டரை மூன்றாவது தடவை யாரையும் தொட விடாதீர்கள்.